மூடிக்கல் நகர்ந்த நாளின் வருகைப் பதிவேடு

அடி மண்ணில்
யாரும் யாருக்கும் பெரியவர் இல்லை.
கம்பு நட்ட குழிகள் வட்ட வட்டமாய்,
எல்லா வீடும் எட்டடிக்குள்.
வீட்டுக்கு ஓர் அம்மி, ஒரு கற்கோடாலி,
தீய்ந்துபோன கொள்ளு ஒரு பிடி.
பசி வந்திருந்தால் ஊருக்கே வந்திருக்கும்.

இரண்டு முழம் மேலே
ஒரே ஒரு வீட்டில் மட்டும் தானியக்குழி.
ஆள் இறங்கி நிற்கலாம், சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு.
யாரோ ஒருவர்
அடுத்த வருஷத்தை இந்த வருஷமே
பூட்டி வைத்திருக்கிறார்.

இதெல்லாம் காளிக்குட்டைக் கரட்டில்.
குடியாத்தம் பஸ் திரும்பும் புளியமரம் தாண்டி
முக்கால் மணி நேர நடை.
பாலாறு கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் தெரியாது.
நான் அங்கே நோட்டுப் பிடிக்கிறவள்.

சரிவில் கல்வட்டம்.
நடுவே நான்கு பலகைக்கல், மேலே மூடி.
மூன்று டன் இருக்கும் என்றார் இன்ஜினியர்.
ஜேசிபி மேடேற மாட்டேன் என்றது.
பேரணாம்பட்டு வஹாப் பாயின் செயின் பிளாக்
கொக்கி வளைந்து தொங்கியது.
"ராஜாவா இருப்பான், அதான் எழுந்திரிக்க மாட்றான்"
என்று தாமோதரன் பத்து ரூபாய் பந்தயம் கட்டினான்.

அப்புறம் ஊர் வந்தது.
தீப்பெட்டி ஆபீஸ் விட்டு நேரே வந்த பெண்கள்,
விரலில் இன்னும் மருந்து வாசனை.
சவுக்குக் கழி பன்னிரண்டு.
கோயில் தேர்க்கயிறு, பூசாரிக்குத் தெரிந்தும் தெரியாமலும்.
இழுத்தார்கள். அவரவர் மூச்சுக்கு அவரவர்.
கல் அசையவில்லை.

பச்சையப்பன் கயிற்றை விட்டான்.
பாறைமேல் ஏறி நின்றான்.
"நான் சொல்லும்போது" என்றான்.
யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை,
இறங்கு என்றும் சொல்லவில்லை.
எல்லாக் கையும் அவன் வாயைப் பார்த்தது.
"ஆங்!"
நாலு விரற்கடை.
"ஆங்!"
ஒரு சாண்.

ஐந்து வருஷமாய் நான் மண்ணில் தேடுவது
அந்தப் பாறையில் கால் அகற்றி நின்றுகொண்டிருந்தது.
சல்லடையில் அது விழாது.
நரம்பில்லாத நாக்கு
எந்த அடுக்கிலும் மிஞ்சாது.
கல் மட்டும் மிஞ்சும், இடம் மாறிய கல்.

உள்ளே ராஜா இல்லை.
பால்பல் விழாத ஒரு பிள்ளை,
என் முழங்கை நீளம்.
கழுத்தைச் சுற்றிச் சூதுபவளம் நாற்பத்து மூன்று,
இந்த ஜில்லாவில் விளையாத சிவப்பு.
காலடியில் ஓர் இரும்புக் கத்தி,
அதை அது தூக்கியே இருக்க முடியாது.

தாமோதரன் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு மாடு மடக்கியிருக்காது,
ஒரு சண்டைக்குப் போயிருக்காது,
ஒரு படி கேழ்வரகு அறுத்திருக்காது.
எப்படிச் சம்பாதித்தது நாற்பத்து மூன்றை?
எங்கள் துறையில் அதற்கு நீளமான சொல் ஒன்று உண்டு.
இருசம்மா எட்டிப் பார்த்துவிட்டு
"பெரிய வூட்டுப் புள்ள" என்றாள்.

வரதம்மாவுக்கு உள்ளங்கை உரிந்திருந்தது.
ஊதிக்கொண்டே கேட்டாள்:
"இதுக்கா இத்தினி பேரு?"
என்னைக் கேட்டாளா,
அன்றைக்கு இதே கல்லை ஏற்றிவைத்த யாரையாவதா,
தெரியவில்லை.
அவளுக்கு டிஞ்சர் எடுக்கப் போனேன்.

சாயங்காலம் பதிவேடு.
முப்பத்தெட்டுப் பேர், ஆளுக்கு நானூற்றிருபது.
"கத்தினவனுக்கும் அதேவா?" என்று இருசம்மா கேட்க
எல்லோரும் சிரித்தார்கள்.
பச்சையப்பன் சிரிக்கவில்லை.
என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்,
கொஞ்சம் முன்னால் வந்து.

அதே தொகைதான் எழுதினேன்.
வாங்கிக்கொண்டான். எண்ணிப் பார்த்தான்.

நான் கயிறு பிடிக்கவில்லை.
கூடாரத்து நிழலில் நின்று
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் சம்பளம் இந்தத் தாளில் வராது.
அது மாதக் கடைசியில் வரும்,
சென்னையிலிருந்து,
வேறு தாளில்.